கென்டக்கின்னா சிக்கன் மட்டுமா? 2 லட்சம் குதிரைகள் இருக்கும் மாநிலத்தில் ஒரு குதிரைச் சங்கம் என்ன செய்யுது?

கென்டக்கின்னு சொன்னா நம்ம ஊர்ல பக்கெட் சிக்கன்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் குதிரைதான். மே மாதம் முதல் சனிக்கிழமை, லூயிவில் நகரத்தின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் நடக்கும் கென்டக்கி டெர்பி, 1875-லிருந்து வருஷம் தவறாமல் நடந்துவரும் பந்தயம். ஓட்டம் சுமார் ரெண்டே நிமிஷத்தில் முடிஞ்சிடும். 2024-லிருந்து அதன் மொத்தப் பரிசுத்தொகை 50 லட்சம் டாலர்.

டிவியில் நாம பார்க்கிறது அந்த ரெண்டு நிமிஷத்தை மட்டும்தான். ஆனா குதிரை 25, 30 வருஷம் வாழுற பிராணி. பந்தயக் குதிரையின் ஓட்டமெல்லாம் பெரும்பாலும் 5, 6 வயசோட முடிஞ்சுபோகும். மிச்ச வாழ்நாள் முழுக்க அதுக்கு யார் தீனி போடுறது? வளர்த்தவருக்கு வேலை போச்சுன்னா? வயசாகி முடியாமப் போனா? இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கிற ஒரு அமைப்புதான் கென்டக்கி ஹார்ஸ் கவுன்சில்.

அரசுத் துறை இல்லை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம். பெயரில் 'கவுன்சில்' இருந்தாலும் இது அரசாங்க அமைப்பு கிடையாது. 1970-களில் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத சங்கம். பண்ணை முதலாளியும் சேரலாம், வீட்டுக்குப் பின்னாடி ஒரே ஒரு குதிரை வச்சிருப்பவரும் சேரலாம். உறுப்பினர் சந்தா, நன்கொடை இதெல்லாம்தான் வருமானம். சந்தாவோடு சேர்த்துக் காப்பீடும் கிடைக்கும். நம்ம குதிரை யாரையாவது உதைச்சு, அவங்க கோர்ட்டுக்குப் போனால் கைகொடுக்கும் காப்பீடு. உண்மையைச் சொன்னா, பலர் உறுப்பினராகச் சேருறதுக்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் இப்படி ஒரு ஹார்ஸ் கவுன்சில் இருக்கு. தேசிய அளவில் 1969-ல் உருவான அமெரிக்கன் ஹார்ஸ் கவுன்சில் தனி.

முதலில் எண்ணிப் பார்த்தாங்க

சங்கம் செய்ததில் முக்கியமான வேலை எதுன்னு கேட்டா, பலரும் மீட்பு, நிவாரணம்னு சொல்வாங்க. என் கணக்கில் முக்கியமானது வேற. குதிரைகளை எண்ணினது!

கென்டக்கி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2012-ல் மாநிலம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 1977-க்குப் பிறகு அப்படி விரிவான ஒன்று நடக்கவே இல்லை. 35 வருஷமா, குதிரைக்குப் பேர்போன மாநிலத்துக்கே தன்னிடம் எத்தனை குதிரை இருக்குன்னு சரியாகத் தெரியாது.

கிடைத்த எண்: குதிரை, மட்டக்குதிரை, கழுதை, கோவேறு கழுதை எல்லாம் சேர்த்து 2,42,400. பத்து வருஷம் கழித்து 2022-ல் மறுபடி எண்ணினப்போ அது 2,09,500 ஆகக் குறைஞ்சிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தகவல்: 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியா முழுக்க இருக்கிற குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்தே சுமார் 3.4 லட்சம்தான். கென்டக்கி, பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சின்ன மாநிலம்.

2012 கணக்கில் இன்னொரு சங்கதி இருக்கு. பந்தயத்துக்கு மட்டும்னு இருந்த குதிரைகள் சுமார் 15,000. பொழுதுபோக்குச் சவாரிக்கு வளர்க்கப்பட்டவை 79,500. அதாவது உலகத்துக்குத் தெரிஞ்ச கென்டக்கி குதிரை, அந்த மாநிலத்திலேயே சின்ன சிறுபான்மை. அப்புறம் ஒரு வரி: எந்த வேலையும் இல்லாமல் சும்மா நிற்கும் குதிரைகள், 33,000.

இந்த 33,000-ல் எல்லாமே பாவப்பட்ட குதிரைகள்னு சொல்ல முடியாது. வயசான குதிரையைக் குடும்பத்தில் ஒருத்தர் மாதிரி பார்த்துக்கிறவங்க நிறைய. ஆனா உரிமையாளருக்குக் கை இறுகினால் முதலில் ஆபத்து வருவது இந்தக் கூட்டத்துக்குத்தான். 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரை தினமும் 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் சாப்பிடும். குளம்பு வளர்ந்துகிட்டே இருக்கும், சில வாரத்துக்கு ஒரு தடவை ஆள் வச்சு சீவணும். பல் பார்க்கணும், ஊசி போடணும். வேலை செய்யுதோ இல்லையோ, செலவு ஒண்ணுதான்.

வேண்டாத குதிரை எங்கே போகும்?

இங்கேதான் விஷயம் சங்கடமாகுது.

அமெரிக்காவில் குதிரைக் கறி சாப்பிடும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. ஆனா ஏற்றுமதிக்காகக் குதிரைகளை வெட்டும் கூடங்கள் இருந்தன. ஆய்வாளர்களுக்கான அரசு நிதி வெட்டப்பட்டதும், மாநிலச் சட்டங்களும் சேர்ந்து, கடைசியாக மிஞ்சியிருந்த மூணு கூடங்களும் 2007-ல் மூடப்பட்டன. டெக்சாஸில் ரெண்டு, இல்லினாயில் ஒண்ணு. விலங்கு ஆர்வலர்களுக்குப் பெரிய வெற்றி.

வெட்டுவது நின்னுச்சா? இல்லை. இடம் மாறுச்சு. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2011-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2010-ல் மட்டும் சுமார் 1,38,000 குதிரைகள் வெட்டுவதற்காகக் கனடாவுக்கும் மெக்ஸிகோவுக்கும் லாரியில் ஏற்றப்பட்டன. உள்நாட்டுக் கூடங்கள் மூடுறதுக்கு முன்னாடி வெட்டப்பட்ட எண்ணிக்கைக்குக் கிட்டத்தட்ட சமம். கூடுதலா சேர்ந்தது நீண்ட பயணம் மட்டும்தான். பின்னாடி வந்த வருஷங்களில் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைஞ்சது வேற கதை.

அதே சமயத்தில் 2008 பொருளாதார நெருக்கடி. புல் விலை ஏறுது, குதிரை விலை இறங்குது, விற்கப்போனா வாங்க ஆளில்லை. கருணைக்கொலை செய்யவும் காசு வேணும். மருந்து போட்டுக் கொன்ற குதிரையின் உடலில் அந்த மருந்து தங்கியிருக்கும் என்பதால் கண்ட இடத்தில் போட முடியாது. அதைத் தின்னும் கழுகும் நாயும் செத்துப்போகும். புதைக்கவும் தனிச் செலவு.

சிலர் என்ன செஞ்சாங்க தெரியுமா? கிழக்கு கென்டக்கி மலைப்பகுதியில், நிலக்கரி தோண்டிவிட்டுப் புல் விதைத்து மூடப்பட்ட பழைய சுரங்க நிலங்கள் ஏராளம். அங்கே கொண்டுபோய் விட்டுட்டாங்க. கோடையில் குதிரையை மலையில் மேயவிட்டு, குளிருக்கு முன்னாடி திரும்பப் பிடிச்சு வர்றது அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்தான். இந்தத் தடவை நிறைய பேர் திரும்பிப் பிடிக்க வரலை.

விடப்பட்டதில் காயடிக்காத ஆண் குதிரைகளும் இருந்தன. அப்புறம் என்ன, கூட்டம் பெருகிச்சு. குளிர்காலத்தில் தீனி இல்லாமல், சாலையில் பனி உருகக் கொட்டும் உப்பை நக்க இறங்கி வந்து வண்டியில் அடிபடுற குதிரைகள் உண்டு. 2019 டிசம்பரில் ஃப்ளாய்ட், பைக் மாவட்ட எல்லையில் இருக்கும் ஒரு பழைய சுரங்க நிலத்தில் 15-க்கும் மேற்பட்ட குதிரைகள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தது அமெரிக்கா முழுக்கச் செய்தியானது.

காயடிக்க ஒரு கூப்பன்

இந்தப் பிரச்சினையில் ஹார்ஸ் கவுன்சில் எடுத்த வழி, கேட்கச் சாதாரணமா இருக்கும். ஆண் குதிரையைக் காயடிக்க உதவித்தொகை. கால்நடை மருத்துவர் செலவில் ஒரு பகுதியைச் சங்கத்தின் நிதி ஏற்கும்.

ஏன் ஆண் குதிரை? பெட்டைக் குதிரை சினைப்பட்டால் 11 மாசம் சுமந்து ஒரு குட்டி போடும். ஒரு பொலிகுதிரையோ ஒரு பருவத்தில் ஒரு மந்தையையே சினையாக்கிவிடும். அதனால் ஒரு அறுவை சிகிச்சை, பல வேண்டாத குட்டிகளைத் தடுக்கும். குட்டியைப் பிறக்கவிட்டு அப்புறம் மீட்கிறதைவிட இது எவ்வளவோ மலிவு.

அடுத்தது, கஷ்டத்தில் இருக்கிற உரிமையாளருக்குத் தற்காலிகமாகப் புல்லும் தீவனமும் கொடுக்கிறது. காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தால் வலியில்லாமல் முடிக்கிற செலவுக்கு உதவுறது. கேட்கக் கொஞ்சம் உறுத்தலாம். ஆனா பட்டினியில் மாசக்கணக்கா சாகிறதுக்கும் மலையில் விடுறதுக்கும் மாற்று அதுதான்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பச் சுவாரஸ்யமாப் பட்டது: போலீஸுக்கும் விலங்குக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும் பயிற்சி. 'பக்கத்து வீட்டுக்காரர் குதிரைக்குச் சோறு போடலை'ன்னு புகார் வருது. போய்ப் பார்க்கிற போலீஸ்காரருக்கு குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஒல்லியா இருக்கிறது பட்டினியாலா, வயசாலா, பல் கொட்டினதாலா? இதுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒண்ணு இருக்கு. டெக்சாஸில் டான் ஹென்னிக் என்பவர் 1980-களில் உருவாக்கியது. கழுத்து, தோள், விலா, முதுகு, வால் அடி என ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்துப் போடணும். 1 என்றால் எலும்பும் தோலும், 9 என்றால் கொழுத்துப் போச்சு. 'பார்க்கவே பாவமா இருந்துச்சு' என்பது கோர்ட்டில் நிற்காது. மதிப்பெண் நிற்கும்.

தீயணைப்பு வீரர்களுக்கும் இதே மாதிரி. லாரி கவிழ்ந்து உள்ளே 500 கிலோ குதிரை மிரண்டு உதைச்சுக்கிட்டு இருந்தால் எந்தப் பக்கம் நிற்கணும், எங்கே கயிறு போடணும்னு சொல்லிக்கொடுக்கிறாங்க.

2021 டிசம்பர் 10 இரவு மேற்குக் கென்டக்கியைச் சூறாவளி சிதைத்தது. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மனுஷங்க செத்த இடத்தில் குதிரையைப் பற்றிப் பேசலாமான்னு தோணும். ஆனா வேலி போன பண்ணையில் குதிரை ரோட்டுக்கு வரும், மேய்ச்சல் நிலமெல்லாம் ஆணியும் தகரமுமாக் கிடக்கும், புல் வச்சிருந்த கொட்டகையே இருக்காது. கவுன்சிலும் மத்த குதிரை அமைப்புகளும் சேர்ந்து தீவனம், கயிறு, வேலிச் சாமான்னு திரட்டின. ஏழு மாசம் கழித்து 2022 ஜூலையில் கிழக்கே பெருவெள்ளம். அது அடித்ததும் அந்தச் சுரங்க நிலக் குதிரைகள் இருக்கும் மலை மாவட்டங்களைத்தான்.

பணம் எங்கே இருக்கு?

2022 கணக்கெடுப்புப்படி கென்டக்கியின் குதிரைத் தொழிலுக்கு 650 கோடி டாலர் பொருளாதாரத் தாக்கம், 60,494 வேலைகள். அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு சங்கம் ஏன் நன்கொடை திரட்டணும்?

பதில் ஒரு வரி விதியில் இருக்கு. பொலிகுதிரையோடு இணைசேர்க்கக் கட்டும் கட்டணத்துக்கு அங்கே 6% விற்பனை வரி. 'இன்ட்டு மிஸ்சிஃப்' என்ற குதிரைக்கு 2025-ல் கட்டணம் 2,50,000 டாலர். நம்ம ரூபாயில் 2 கோடிக்கு மேல்! அதற்கு வரி 15,000 டாலர். இந்த வரியிலிருந்து வளர்ப்பாளர்களுக்கு ஊக்கத்தொகை போகுது. 80% தரோபிரெட் பந்தயக் குதிரைகளுக்கு, 13% வண்டி இழுத்து ஓடும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனத்துக்கு. மிச்சம் இருக்கும் எல்லா இனங்களுக்கும் 7%. 15,000 டாலரில் 1,050.

அந்த 1,050-ம் தீனி இல்லாத குதிரைக்குப் போகாது. பந்தயம் ஓடாத இனங்களை வளர்த்து ஜெயிக்கிறவங்களுக்கான பரிசு அது. குதிரை பிறக்கிறதுக்கு அரசு ஊக்கத்தொகை இருக்கு. அது வயசாகி நிற்கும்போதான செலவுக்கு அதே மாதிரி ஒரு ஏற்பாடு இல்லை. அந்த ஓட்டையைத்தான் சந்தாவும் நன்கொடையும் வச்சு அடைக்கப் பார்க்கிறாங்க.

இதில் கவுன்சிலை நோக்கியும் ஒரு கேள்வி இருக்கு. வளர்ப்பாளர், பண்ணை முதலாளி, சவாரிக்காரர்னு எல்லாரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது, 'குட்டி போட வைக்கிறதைக் கொஞ்சம் குறைங்க'ன்னு உள்ளேயே யார் யாரிடம் சொல்வது? காயடிக்கும் கூப்பன் கொல்லைப்புறக் குதிரைக்குத்தான். 2,50,000 டாலர் பொலிகுதிரை நிற்கும் லாயத்துக்கு அந்தக் கூப்பன் போகப்போறதில்லை.