கடலில் யார் கான்கிரீட் போட்டது?

"இந்தியா சூடாகவில்லை, வெப்பமானிகளைச் சுற்றி ஊர் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்" என்கிறார்கள். இதில் பாதி உண்மை. வெப்பமானி வைத்த வெள்ளை மரப்பெட்டிக்குப் பக்கத்தில் தார்ச்சாலையும் கட்டடமும் வந்தால், இரவு வெப்பம் ஏறித்தான் காட்டும், மறுக்கவில்லை.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் கூடியதாகச் சொல்லும் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை, இன்னொன்றும் சொல்கிறது: 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது.

அங்கே எந்த அடுக்குமாடி எழுந்தது? எந்தச் சாலை போட்டார்கள்? இமயமலைப் பனியாறுகள் சுருங்குவதும் ஊர் வளர்ந்ததாலா?

பெட்டியைக் குறை சொல்லலாம். கடலை என்ன சொல்வீர்கள்?