ஒர்க் பிளேனுக்கு ஒரு பேர் வையுங்க சாமி

பி.காம். படித்துவிட்டு பேங்கில் வவுச்சர் பார்க்கிறவனுக்குக் கட்டட டிசைன் மென்பொருளில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மகள் இங்கே புனேயில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். இரண்டாம் சனி, நாலாம் சனி லீவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரெவிட் வேடிக்கை பார்ப்பது என் பொழுதுபோக்கு. பார்த்த வரையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. சுவர் வைப்பதையும், பளபளவென்று ரெண்டர் எடுப்பதையும் சொல்லிக்கொடுக்கும் முன்னால் ஒர்க் பிளேனைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

விஷயம் எளிதுதான். மவுஸ் நகர்வது தட்டையான திரையில். கட்டடத்துக்கோ உயரமும் உண்டு. நீங்கள் கிளிக் செய்த புள்ளி எந்த உயரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பலகை இருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் மேல்தான் கோடு போடுகிறது. அந்தப் பலகைதான் ஒர்க் பிளேன். ஆட்டோகேட்டில் இதே வேலையை யூ.சி.எஸ். செய்யும். ரெவிட்டில் பிளான் வியூவில் இருந்தால் அந்த மாடியின் லெவலே பிளேன், கவலையில்லை. 3டி வியூவுக்குப் போனால், அங்கே கடைசியாக எது செட் ஆகியிருக்கிறதோ அதன் மேல் போய் உட்காரும். வம்பு அங்கேதான்.

இது மாணவர்களின் தலைவலி மட்டும் இல்லை. நம்மில் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறோம்? வாட்ஸப்பில் வரும் 3டி படத்தைப் பார்த்து "சூப்பர்" என்று பதில் போட்டால் முடிந்தது அப்ரூவல். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. வீட்டுத் தரை, மண் மட்டத்திலிருந்து 450 மி.மீ. உயரம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச பிளின்த் உயரமே அதுதான், ஒன்றரை அடி. ஹால் ஸ்லாப்பைத் தரையிலிருந்து 3 மீட்டரில் வைத்தார்கள். போர்ட்டிகோ ஸ்லாப்பும் 3 மீட்டர்தான். ஆனால் வரைந்தபோது பிளேன் மண் மட்டத்திலேயே நின்றிருக்கிறது. ஆக, போர்ட்டிகோ கூரை ஒன்றரை அடி கீழே. மேலிருந்து பார்க்கும் பிளானில் எல்லாம் கச்சிதம், ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. முன்பக்கப் படத்தில் அது ஏதோ டிசைன் மாதிரி அழகாகவே தெரிந்ததாம்! சென்டரிங் அடித்த பிறகுதான் வாசல் கதவுக்கு மேலே வெண்டிலேட்டருக்கு இடமே இல்லை என்று மேஸ்திரி கண்டுபிடித்தார். பிரித்து மறுபடி அடித்த கூலி யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு தொகை வந்தால் அது எந்தக் கணக்கில் போகிறது என்று எழுதாமல் பேனாவை வைக்க முடியாது. தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அதையும் ஆடிட்டர் வந்து குடைவார். பேர் இல்லாத பிளேனில் தொங்கும் ஸ்லாப்பும் ஒரு சஸ்பென்ஸ் என்ட்ரிதான். என்ன, அதைக் குடைய மேஸ்திரி வரும்வரை யாரும் இல்லை.

ரெவிட்டில் ரெஃபரன்ஸ் பிளேன் போட்டு அதற்குப் பேர் கொடுத்தால், 'செட்' அமுக்கும்போது வரும் பட்டியலில் அந்தப் பேர் நிற்கும். "லிண்டல் மேல்", "சன்ஷேட் அடி" என்று சைட்டில் பேசுகிற வார்த்தையிலேயே வைக்கலாம். பக்கத்தில் 'ஷோ' என்று ஒரு பட்டன். அமுக்கினால் பலகை நீலமாகத் தெரியும். இரண்டு வினாடி வேலை. பிள்ளைகள் இதைச் செய்யாமல், கண்ணில் பட்ட ஏதோ ஒரு முகப்பைத் தொட்டு அதையே பிளேனாக எடுத்துக்கொள்கிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் தொட்டு விளக்கு வைத்தால் சரி, சீலிங் இறங்கினால் விளக்கும் கூடவே இறங்கும். அதுதான் நமக்கும் வேண்டும். ஆனால் அலமாரியைத் தொட்டு எடுத்த பிளேனில் லாஃப்ட் ஸ்லாப்பை வைத்தால்? அலமாரியை நகர்த்தும் நாளில் லாஃப்டும் பின்னாலேயே கிளம்பிவிடும் :-)

மகளுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "நாற்பது பேர் வெச்சா அதுவும் குப்பைதான்பா" என்கிறாள். நியாயம்தான். மாடிகளுக்கு மட்டும் லெவல், மற்றதற்கு ஏழெட்டு பிளேன், ஒரு வீட்டுக்கு அது போதும் என்பது என் கணக்கு. பாத்ரூம் சங்கன் ஸ்லாப்புக்குத் தனி லெவலே வேண்டாம், ஆஃப்செட்டில் இறக்கிக்கொள்ளலாம்.

ஊரில் வீடு கட்டுகிறவர்கள் ரெவிட் கற்க வேண்டாம். அடுத்த முறை 3டி படம் வந்தால், "சூப்பர்" போடும் முன் ஒரு செக்‌ஷன் டிராயிங் கேளுங்கள். வாசல் வழியாக வெட்டியது, போர்ட்டிகோவும் சேர்ந்து வர வேண்டும். ரோடு, பிளின்த், லிண்டல், ஸ்லாப் எல்லா மட்டமும் ஒரே பூஜ்யத்திலிருந்து எழுதியிருக்க வேண்டும். அந்தப் பூஜ்யம் எது என்று இன்ஜினியரிடம் போனிலேயே கேட்டுவிடுங்கள்.