பேஸ்மேக்கர் வைத்தவர் அசையக்கூடாதா?

இதயத் துடிப்பைச் சீர்செய்யும் கருவியான பேஸ்மேக்கரோ ஐசிடியோ பொருத்திக்கொண்டு வீடு திரும்புபவர் இனி உடம்பை அலட்டிக்கொள்ளவே கூடாது என்ற நம்பிக்கை, மருத்துவர் எழுதித் தரும் சீட்டைவிட வீடுகளில் அதிகம் செல்லுபடியாகிறது. முதலில் மாடிப்படி விலக்கப்படுகிறது. அடுத்து கடைக்குப் போவது, காலை நடை, துணி காயப்போடுவது என ஒவ்வொன்றாக மற்றவர் கைக்கு மாறுகிறது. சில மாதங்களில் அவருக்கு மிஞ்சுவது ஒரு நாற்காலியும் தொலைக்காட்சியும்தான். அன்பினால் செய்யப்படுவதால் இதன் தீங்கு குறைந்துவிடாது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு, அது மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதுதான் முறையான சிகிச்சை. 1952-இல் பாஸ்டன் மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்டு லவுனும் அத்தகைய நோயாளிகளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்றார்கள். அதுவே அன்றைக்குத் துணிச்சலான யோசனை. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். கடும் உழைப்பின்போது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அவர்களது உடல்திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மறுபடி சோதித்தபோது, முப்பது வருட முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரிந்தது. மருத்துவம் அந்தப் பழைய முறையைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வீடுகள் இன்னும் கைவிடவில்லை.

பேஸ்மேக்கரைப் பொறுத்தவரை இந்தப் பயம் கருவியின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது. உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அது சில மணி நேரத்தில் நின்றுபோனது. வேறு வேறு கருவிகள் மாற்றப்பட்டு, மொத்தம் இருபத்தாறு கருவிகளோடு அவர் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். தமக்குக் கருவி பொருத்திய அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், அதை வடிவமைத்த பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் இருவரையும் தாண்டி வாழ்ந்து, 2001-இல் 86 வயதில் இறந்தார். காரணம் இதயம் அல்ல, தோல் புற்றுநோய்.

அந்தக் காலத்துக் கருவி ஓடினாலும் உட்கார்ந்தாலும் ஒரே வேகத்தில்தான் துடிப்பைத் தந்தது. இன்றைய பேஸ்மேக்கர்கள் பலவற்றில் உடல் அசைவை உணரும் உணரி இருக்கிறது. நோயாளி படியேறினால் அது துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்தால் குறைக்கும். நடப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வசதியை உடலுக்குள் வைத்துக்கொண்டு நடக்காமல் இருப்பதுதான் விந்தை. நடந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற கவலையும் உண்டு. பல ஆண்டுகள் உழைக்கும் பேட்டரியில் தினசரி நடை பறிப்பது பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஐசிடி விஷயத்தில் அச்சத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆபத்தான இதயத் துடிப்பைக் கண்டால் ஷாக் கொடுத்து நிறுத்துவது அதன் வேலை. ஒருமுறை ஷாக் வாங்கியவர் அதை மறப்பதில்லை, மறுபடி வந்துவிடுமோ என்று எழுந்திருக்கவே தயங்குகிறார். 2015 வரை அமெரிக்க வழிகாட்டுதல்களும் இவர்களுக்கு கோல்ஃப், பௌலிங் போன்றவற்றுக்கு மேல் போட்டி விளையாட்டு கூடாது என்றன. சோதித்துப் பார்த்த முடிவு அல்ல அது, எச்சரிக்கை மட்டுமே. யேல் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் லாம்பெர்ட் குழு ஐசிடியோடு விளையாடிய 372 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டது. சிலருக்கு விளையாடும்போது ஷாக் வந்தது உண்மை. ஆனால் விளையாட்டின்போது ஒருவரும் இறக்கவில்லை, ஷாக்கினாலோ துடிப்புக் கோளாறினாலோ ஒருவருக்கும் காயமில்லை. 2015-இல் வழிகாட்டுதல் தளர்ந்தது. 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் சரிந்து விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், ஐசிடி பொருத்திக்கொண்டு 2022 உலகக் கோப்பையில் ஆடினார். 2024 யூரோ போட்டியில் கோலும் அடித்தார்.

விளையாட்டு வீரரின் உடம்பும் அறுபது வயது இதயநோயாளியின் உடம்பும் ஒன்றல்ல என்பது சரியான ஆட்சேபம். அதற்கும் விடை இருக்கிறது. இதயம் பலவீனமான 2,331 பேரிடம் நடத்தப்பட்ட எச்எஃப்-ஆக்‌ஷன் ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அவர்களில் ஐசிடி வைத்திருந்தவர்களைத் தனியே ஆராய்ந்தபோது, உடற்பயிற்சி செய்தவர்களுக்கு ஷாக் அதிகமாகவில்லை. 2015-இல் வெளியான மற்றொரு அமெரிக்க ஆய்வில் 160 ஐசிடி நோயாளிகளில் ஒரு பகுதியினர் வீட்டிலிருந்தே நடைப்பயிற்சி செய்தனர். உடல்திறன் கூடியது, ஷாக் கூடவில்லை.

இன்னொரு சான்றும் அடிக்கடி காட்டப்படுகிறது. கருவிகள் தாமே பதிவுசெய்த அசைவுக் கணக்கைக் கொண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அலசிய ஆய்வில், அதிகம் நடமாடியவர்கள் அதிக காலம் உயிரோடிருந்தார்கள். இதை மட்டும் வைத்து வாதாடுவது நேர்மையாகாது. நோய் முற்றியவர் நடமாட முடியாமல் போவதும் இதே கணக்கில்தான் வரும். ஆனால் அதிகம் நடமாடியவர்கள் ஆபத்தைத் தேடிக்கொண்டார்கள் என்ற வீட்டு வாதத்துக்கு அதில் ஒரு துளி ஆதாரமும் இல்லை.

மருத்துவர் உண்மையிலேயே சொல்லும் தடை ஒன்றுண்டு, எல்லாக் குழப்பமும் அதிலிருந்தே கிளம்புகிறது. கருவி வைத்த பக்கத்துக் கையை நான்கு முதல் ஆறு வாரம் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, கனமான எதையும் சுமக்கக்கூடாது. இதயத்துக்குள் செல்லும் கம்பி நகராமல் பிடித்துக்கொள்ள அந்த அவகாசம் தேவை. அந்த வாரங்களில்கூட நடைக்குத் தடையில்லை. வாரங்கள் முடிந்தபின்னும் கையை மடக்கியே வைத்திருப்பவருக்குக் கிடைப்பது இறுகிப்போன தோள்மூட்டு.

நோயைப் பொறுத்த விலக்குகள் வேறு. வலது கீழறைத் தசையைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோயில் கடும் உடற்பயிற்சி நோயை வளர்க்கும். உழைப்பின்போதே துடிப்பு தடம்புரளும் வேறு சில பரம்பரைக் கோளாறுகளிலும் கட்டுப்பாடு அவசியம். மார்பில் நேரடி அடி விழும் விளையாட்டுகள் கருவியைக் கெடுக்கலாம். இவையெல்லாம் குறிப்பிட்ட நோய்க்கும் குறிப்பிட்ட செயலுக்குமான தடைகள். நாற்காலியோடு வாழச் சொல்லும் உத்தரவுகள் அல்ல.

ஐசிடி வைத்தவரும் குடும்பத்தாரும் அடுத்த செக்கப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. எத்தனை துடிப்பில் கருவி தலையிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. பயிற்சியின்போது துடிப்பு அந்த எண்ணுக்குப் பத்து, இருபது குறைவாக இருக்குமாறு பார்த்துக்கொள்வது வழக்கம். கடந்த மாதங்களில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடமாடினார் என்பது இரண்டாவது. பல கருவிகள் அதை வரைபடமாகவே காட்டும்.