ஒரு ஈத்தாவது போடட்டுமே!

புனேயில் எங்க குடியிருப்பில் 14 வீட்டில் நாய் இருக்கு. அதில் நம்ம தமிழ்க் குடும்பங்கள் 4. ஊரை விட்டு வந்த இடத்தில், பிள்ளைங்க கேட்டாங்கன்னு ஒரு லேப்ரடார் குட்டி. தப்பே இல்லைங்க. ஆனா கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சான்னு கேட்டுப் பாருங்க. "பாவம் சார், ஒரு ஈத்தாவது போடட்டுமே"ன்னு பதில் வரும். சொல்றவர் தன் வீட்டில் ஒண்ணோட நிறுத்திக்கிட்டவர் :-)

ஒரு தடவை குட்டி போட்டாத்தான் பெண் நாய்க்கு உடம்புக்கு நல்லதுங்கறது வெறும் நம்பிக்கை. உண்மை நேர்மாறு. முதல் பருவத்துக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டா மார்பில் கட்டி வர்ற வாய்ப்பு ரொம்பவே குறையும். வயசான பெண் நாய்களுக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பப்பையே இல்லைன்னா அந்தத் தொல்லையும் இல்லை. பெரிய ஜாதி நாய்ன்னா கொஞ்சம் வளர்ந்த பிறகு பண்ணலாம்னு சில டாக்டர்கள் சொல்றாங்க. வயசை அவங்ககிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

அந்த "ஒரே ஈத்து" கணக்கைப் பாருங்க. சினைக்காலம் ரெண்டு மாசம்தான். லேப்ரடார்னா ஏழெட்டுக் குட்டி சாதாரணம். "எல்லாத்துக்கும் ஆள் ரெடி"ம்பாங்க. இருப்பாங்க, குட்டி பொம்மை மாதிரி இருக்கற வரைக்கும். அப்புறம் ஒருத்தருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். ரயிலில் நாய் நம்மகூட வரணும்னா முதல் வகுப்பு ஏசியில் கூபேயை மொத்தமா எடுக்கணும். இல்லைன்னா கார்டு பெட்டிக் கூண்டு. கடைசியில் வாட்ச்மேன் தலையில் கட்டிட்டுக் கிளம்பிடறாங்க. அவர் சம்பளத்தில் லேப்ரடாருக்கு எங்கேருந்து சோறு போடுவார்? நாய் தெருவுக்கு வந்துடும்.

ஆண் நாய் வெச்சிருக்கறவங்க இன்னும் ஜாலி. ராத்திரி அவிழ்த்து விடுவாங்க. குட்டி எங்கேயோ தெருவில் பொறக்குது, இவங்க கணக்கில் வராது. ஊரில் உழவு மாட்டுக்குக் காயடிச்சப்போ யாரும் கண் கலங்கலை. சொந்த டைகருக்குன்னா மட்டும் ஏனோ இவங்க மானம் குறுக்கே வருது!

2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தப்போ எங்க வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் குடுமிப்பிடி சண்டை. எல்லாரும் மாநகராட்சியைத் திட்டினாங்க. திட்ட வேண்டியதுதான். தெருநாய்க்குக் கருத்தடை பண்ணி அதே இடத்தில் விடற வேலையைச் சென்னை ப்ளூ கிராஸ் 1964லேயே ஆரம்பிச்சாச்சு; மாநகராட்சி அதைக் கையில் எடுக்க 90களின் நடுப்பகுதி ஆச்சு. ஆனா வளர்ப்பு நாயின் கருத்தடை உரிமையாளர் பொறுப்புன்னு 2001 விதிகளிலும் இருந்தது, அதுக்குப் பதிலா வந்த 2023 விதிகளிலும் இருக்கு. அதை அந்தக் குழுவில் ஒருத்தரும் பேசலை.

பூனை வளர்க்கறவங்க இன்னும் சீக்கிரம் டாக்டரைப் பாருங்க. நாலஞ்சு மாசத்திலேயே சினை பிடிச்சுடும், "அது இன்னும் குட்டிதானே"ன்னு இருந்தா அவ்வளவுதான். ஆண் நாய்க்குப் பண்ணினா, அதுக்கப்புறமும் ஒரு மாசம் போல பெண் நாய்ங்ககிட்டேருந்து தள்ளி வையுங்க. உடனே பலன் கிடைச்சுடாது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கிட்டா சனி, ஞாயிறு கூட இருந்து பாத்துக்கலாம். தையல் ஆற 10-14 நாள். அதுவரை நக்காம இருக்கக் கழுத்தில் புனல் மாதிரி ஒண்ணு மாட்டுவாங்க. எங்க வீட்டம்மா அதோட கதவு, சோபா, என் முழங்கால்னு ஒண்ணு விடாம இடிச்சுட்டு என்னைத்தான் முறைச்சா. தயிர்சாதத் தட்டைக் கண்டதும் வால் ஆடிடுச்சு.