மாத்திரையும் டிகிரி காபியும்

ஐந்து மாதக் கர்ப்பிணியான என் பெண் சென்ற மாதம் பிறந்த வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வெளிறி, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-ஆவது இருக்க வேண்டுமாம். எனக்குப் பகீரென்றது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. வந்த நாளிலிருந்து முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், வேளை தவறாமல் இரும்புச் சத்து மாத்திரை என்று ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறேனே!

"மாத்திரையை எதோடம்மா முழுங்கறே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அம்மா தர்ற காபியோட."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை, நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். வயிற்றுக்குள் போனதெல்லாம் ரத்தத்தில் சேர்ந்துவிடாது. இரைப்பை உணவைக் கூழாக்கி அனுப்புவதோடு சரி. சத்தை இழுத்துக்கொள்வது சிறுகுடல். சுமார் 20 அடி நீளம். உள்சுவர் தேங்காய்ப்பூத் துவாலை மாதிரி, பொடிப்பொடி விரல்களாக நீட்டிக்கொண்டிருக்கும். இரும்புச் சத்துக்கு அதில் முதல் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் முக்கியமான இடம். அங்கே காபி, டீயின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கழிவாகப் போய்விடும். பாலில் உள்ள கால்சியமும் குறுக்கே நிற்குமாம். ஆக, என் டிகிரி காபி இரட்டைக் குற்றவாளி!

கீரை, பருப்பில் உள்ள இரும்பைக் குடல் சுலபத்தில் ஏற்பதில்லை. வைட்டமின் சி கூட இருந்தால் ஏற்கும். அதனால் இப்போது எங்கள் வீட்டில் கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழிகிறேன். கொதிக்கவிட்டால் அந்தச் சத்து வீணாகும். தாளிக்க ஒரு ஸ்பூன் எண்ணெயும் உண்டு. "எண்ணெயே வேண்டாம்மா" என்பாள் பெண். கீரையில் இருக்கும் வைட்டமின் ஏ சத்து சேர எண்ணெய்ப் பசை வேண்டுமடி என்று அதட்டிவிட்டேன்.

மாத்திரை இப்போது பதினொரு மணிக்கு, எலுமிச்சை ஜூஸோடு. குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. கால்சியம் மாத்திரை தனியாக இரவில். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும். காபி? மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் தள்ளித்தான், அதுவும் அரை டம்ளர்.

நேற்று மறுபடி பார்த்ததில் 9.7. பதினொன்றைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி. அதுவரை காலை வேளையில் என் காபியையும் கொல்லைப்புறத்தில் நின்றுதான் குடிக்கிறேன். வாசனை பட்டால் கேட்டுவிடுவாளே!