பயிலிடம் வேண்டும்

நோய் தீர்க்கும் கல்வி ஏட்டினால் மட்டும் நிரம்புவதன்று. திருவள்ளுவனார் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்தபோது, நோயுற்றவனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நோயாளியின் அருகிருந்து பழகாதார் மருத்துவராகார் என்பது அதனாற் பெறப்படும். பட்டம் பெற்றோர் ஓராண்டு மருத்துவமனையிற் பயிற்சி மருத்துவராக இருத்தல் வேண்டும் என்ற விதியும் இதுபற்றியே எழுந்தது. விதி நன்று. ஆயின், அவ்வோராண்டுக்குரிய இடம் கிடையாது காத்து நிற்பாரும் உளர். அவர் குறையை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களோ சில. தனியார் கல்லூரிக் கட்டணமோ பெரிது. ஆதலால் தமிழ்நாட்டு மாணவர் பலர் சீனம், உருசியா, உக்ரைன், பிலிப்பைன்சு முதலிய நாடுகளுக்குச் சென்று மருத்துவம் பயில்கின்றனர். மீண்டு வருவோர் 2002 முதல் நடைபெறும் தகுதித் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்கு 150 பெறல் வேண்டும். எழுதுவோருட் பெரும்பாலோர் தேறாத கடுந்தேர்வு அது. 2021 நவம்பர் 18-இல் வெளிவந்த விதிகள், அயல்நாட்டில் 54 மாதப் படிப்பும், ஆங்கே 12 மாதப் பயிற்சியும், மீண்டபின் ஈண்டு மற்றும் 12 மாதப் பயிற்சியும் வேண்டும் என்கின்றன.

இக்கடுமையை யான் குறைகூறேன். 2022 தொடக்கத்திற் போர் மூண்டு, உக்ரைனிலிருந்து இருபதினாயிரவர்க்கு மேற்பட்ட இந்தியர் மீட்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் மருத்துவ மாணவர். கொள்ளைநோய்க் காலத்திற் சீனத்திலிருந்து திரும்பியோரும் வீட்டிலிருந்தே இணையவழிப் பாடம் கேட்டனர். சென்னை உயர்நீதிமன்றத்தினின்று மேல்முறையீடாகச் சென்ற வழக்கொன்றில், நோயாளியருகிற் பயிலாத ஒருவரை மருத்துவராக ஏற்றல் தகாது என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 29-இற் கருதியது. அவ்வாண்டு சூலைத் திங்களில், அத்தகைய இறுதியாண்டு மாணவர்க்குப் பயிற்சி ஈராண்டாக நீட்டப்பட்டது. உயிரைக் காக்கும் தொழிலுக்கு இஃது ஏற்றதே.

ஆயின், பயிற்சி இன்றியமையாதது என்று விதிப்போர் பயிலிடம் தருதற்கும் கடமைப்பட்டவர் அல்லரோ? 2022 மார்ச் 4-இல் தேசிய மருத்துவ ஆணையம் விடுத்த சுற்றறிக்கை, கல்லூரியின் மாணவர் தொகையில் 7.5 விழுக்காடு வரையே இவர்க்கு மிகையான இடம் என்றது. நூறு மாணவர்க்கு ஏழரைப் பேர் என்பது கணக்கு. கட்டணம் வாங்கலாகாது, உள்நாட்டுப் பட்டதாரிக்குரிய உதவித்தொகையே தரல் வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. கூறவேண்டி நேர்ந்ததே குறை இருந்தமைக்குச் சான்று.

இனி நம் இராமநாதபுரத்தை நோக்குவோம். ஈண்டு அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-இல் 100 இடங்களுடன் திறக்கப்பட்டது. முதலாண்டு மாணவர் படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவராதற்கு நான்காண்டுக்கு மேல் ஆகும். மருத்துவமனையில் நோயாளிகளோ முதல் நாள் தொட்டே உளர். ஒருபால் பயிலிடம் தேடும் மருத்துவர். மற்றொருபால் மருத்துவரைத் தேடும் நோயாளர். இவ்விருவரையும் கூட்டுவித்தல் அரிய செயலோ?

அமெரிக்க நாட்டில் ஆஸ்டியோபதி என்னும் மருத்துவமுறையினர் இத்தகைய இடரை நெடுங்காலம் பட்டனர். அவர் சங்கம் ஒப்பிய முதலாண்டுப் பயிற்சி ஒருவகை; ஏனையோர் அவை ஒப்பிய பயிற்சி மற்றொருவகை. பெரிய மருத்துவமனையில் நன்கு பயின்ற ஆஸ்டியோபதி மருத்துவரும், தம் சங்கத்தின் முத்திரை அம்முதலாண்டுக்கு இல்லையாயின், பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் உரிமம் பெற இடர்ப்பட்டனர். 2014-இல் இருதரத்தாரும் உடன்பட்டு, 2015 முதல் 2020-க்குள் ஒரே ஒப்புதல் முறையை அமைத்தனர். தேர்வை எளிதாக்கிற்றிலர், வாயிலை ஒன்றாக்கினர். நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே.

ஆதலின் யான் வேண்டுவன மூன்று. தேர்வில் தேறியவர்க்கு இன்ன நாளில், இன்ன இடத்திற் பயிற்சி என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். கட்டணமின்மையும் உதவித்தொகையும் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறைக்கு வருதல் வேண்டும். பயிற்சியாண்டின் 52 வாரங்களுள் சமூக மருத்துவத்துக்குரிய 12 வாரங்களையேனும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி ஆகிய கரையூர்களிற் கழிக்கச் செய்தல் வேண்டும். இராமேசுவரத் தீவினின்று மாவட்டத் தலைநகர் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலது. இரவில் நோவெடுத்த மீனவப் பெண்ணுக்கு அவ்வழி எத்துணை நெடிது என்பதை அங்குப் பயின்ற மருத்துவர் மறவார்.

தகுதியில்லாரைத் தடுத்தல் அரசின் கடன். தகுதியை மெய்ப்பித்தாரைக் காக்கவைத்தல் எவர் கடனுமன்று. வீணாகும் ஒவ்வோர் ஆண்டும் அவர்க்கு மட்டுமன்று, நோயுற்றார்க்கும் இழப்பாகும்.