வீடும் வளவும்: வாசற்படியில் பூக்கும் உப்பு

ஸ்காபுறோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாசலில் கற்படி போட்டு 2 வருடந்தான் ஆகிறதாம். பனி கரைந்ததும் மா தூவினாற்போல் படியெல்லாம் வெள்ளை. கழுவினால் போகிறது, காய்ந்தால் திரும்ப வருகிறது. மேலே ஏதோ பூசி அடைத்துத் தருவதாக ஒருவர் 600 டொலர் கேட்கிறாராம். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம், சகோதரி.

ஊரில் சுவர் உப்புப் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அதுதான். கல்லிலும் அடியிலுள்ள சீமெந்துச் சாந்திலும் இருக்கும் உப்பை ஈரம் கரைத்து மேலே கொண்டுவருகிறது. நீர் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. பனிக்காலத்தில் நாமே அள்ளிக் கொட்டும் உப்பும் கூடச் சேருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது கரைந்த உப்பில் ஒரு பங்கு மீண்டும் கல்லுக்குள்ளேயே இறங்குகிறது.

நாலு நாள் வெயில் எறித்துப் படி நன்றாகக் காய்ந்தபின், விறைப்பான நைலோன் தூரிகையால் தண்ணீர் படாமல் தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம்; துணுக்குகள் தங்கித் துருக்கறை விடும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரலாம்.

அப்படியும் போகாமல், கேத்தலின் அடியில் படிவதுபோல் இறுகிக் கிடந்தால் அது சுண்ணாம்புப் படிவு. வினாகிரி கரைக்கும், உண்மைதான். ஆனால் ஒன்ராறியோவில் சுண்ணக்கல் படிகள் ஏராளம். படிவோடு கல்லையும் அது அரித்துவிடும். வெள்ளை இல்லாத மறைவான மூலையில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடையில் விற்கும் கடும் அமிலத்தை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அமிலமோ வினாகிரியோ பிளீச்சுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிள்ளைகள் ஓடித்திரியும் வாசல் அது.

இனி அந்த 600 டொலர்ப் பூச்சு. உள்ளே ஈரம் இருக்க மேலே மூடினால் அது வெளியேற வழியில்லை. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். கல் ஏடு ஏடாகப் பெயரும். பெயர்ந்த படியில், பனிநாளில், அம்மம்மா கால் வைக்க வேண்டும். ஈரத்தை வெளியே விடும் பூச்சுகளும் இருக்கின்றன. அவையும் நீர் வரும் வழியை அடைத்த பிறகுதான்.

அந்த வழியை மழை பெய்யும்போது குடையோடு நின்று பாருங்கள். பீலித் தண்ணீர் படியருகில் விழுகிறதா? ஒரு நீட்டுக்குழாய் பூட்டி அப்பால் திருப்புங்கள். கல்லிடைச் சாந்து வெடித்திருந்தால் அடைப்பியுங்கள். படி வீட்டுப் பக்கம் சாய்ந்து நீர் தேங்கினால் அது போட்டவர் விட்ட பிழை. ஒப்பந்தத்தில் உத்தரவாதம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து அவரையே கூப்பிடுங்கள்.

வரும் பனிக்காலத்தில், பனி இறுக முன்னரே வழித்துவிட்டு, உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள். மணல் பனியைக் கரைக்காது, வழுக்காமல் காக்கும். சப்பாத்தோடு அது வீட்டுக்குள்ளும் வரும், அதைக் கூட்டத்தான் வேண்டும்.